வேனக்கா எழுதிய கடைசிப் பரீட்சை

கால்சட்டைக்கு ஜிப் மாற்றுவது பார்க்கச் சின்ன வேலை. ஆனால் அவசரப்பட்டால் காலை வாரிவிடும். பழைய தையலைப் பிரிக்கும்போது பிளேடு ஒரு நூல் தள்ளிப் போனால் போதும், துணி கிழிந்துவிடும். அப்புறம் வாடிக்கையாளர் வாயிலிருந்து வருவதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேனக்கா அப்படி ஒரு ஜிப்பைப் பாதி பிரித்து வைத்திருந்த நேரத்தில்தான் கல்லூரிப் பேராசிரியை போன் செய்தார்.

“நல்லா இருக்கீங்களா? கடையில இருப்பீங்க. பேசலாமா?”

“சொல்லுங்க மிஸ்.”

“வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம காலேஜ் ஹால்ல ஒரு கூட்டம். மத்த ஜெயில்கள்லயும் இந்த வகுப்பை ஆரம்பிக்கச் சொல்லிக் கேக்கப் போறோம். யுனிவர்சிட்டிலேருந்து வர்றாங்க, சிறைத்துறையிலேருந்தும் வர்றாங்க. நாங்க ஆயிரம் சொன்னாலும் படிச்சு முடிச்சவங்க ஒருத்தர் வந்து சொல்ற மாதிரி இருக்காது. நீங்க கொஞ்ச நேரம் பேசணும். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.”

வேனக்கா யோசிக்கவே இல்லை. “வர்றேன் மிஸ்” என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு ஜிப்பைத் தொடவில்லை. பிளேடை ஓரமாக வைத்தாள்.

எதிர் மெஷினில் இருந்த கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “யாரு, உன் காலேஜா?”

“ம். ஞாயித்துக்கிழமை மேடையில பேசக் கூப்பிடுறாங்க.”

“அடேயப்பா. அப்ப பில்லுல எழுதிடுவோமா, டிகிரி வாங்கின கையால ஜிப் மாத்தப்பட்டதுன்னு? ரேட்டைக் கொஞ்சம் ஏத்திக்கலாம்.”

வேனக்கா சிரித்தாள். கடைக்காரம்மாவின் கேலியில் முள் கிடையாது. சிறையிலிருந்து வந்தவள் என்று தெரிந்தும், “இங்க துணி மட்டும்தான் விசாரணைக்கு வரும்” என்று சொல்லி வேலை கொடுத்தவர் அவர். ஆனால் சிரித்து முடித்ததும் பழைய கூச்சம் ஒன்று வந்து நெஞ்சுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

சிறைக்குப் போய் வந்ததால் வந்த கூச்சம் இல்லை அது. சிறைக்குப் போகும்படி செய்த காரியத்தால் வந்ததும் இல்லை. அந்த அவமானம் வேறு, அதைச் சுமந்து நடக்கத் தோள் பழகிவிட்டது. இது அவள் மகளுக்குத் தெரியாத ஒன்று. விடுதலை உத்தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே, ஒரு பரீட்சைக்காக, வீட்டுக்கு வராமல் உள்ளேயே இருந்துகொண்டவள் அவள்.

வேனக்கா ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வேறெங்கோ வேறொரு குடும்பத்துக்குத் தலைவனாகிப் போன பிறகு, தம்பி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். நன்றாகவே ஓட்டினாள். எந்தப் பிள்ளை ஜன்னல் ஓரம் கேட்டு அழும், யாருக்கு வளைவில் வாந்தி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒரு நாள் சாயங்காலம், கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்புகையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையோரமாகப் போன ஒரு முதியவர் மேல் மோதினாள். சத்தம் கேட்டது. கண்ணாடியில் சைக்கிள் சக்கரம் சுற்றுவது தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

நேரே வீட்டுக்கு வந்து வேனைக் கழுவினாள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது மகள்தான், பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல்.

“ஏம்மா இன்னிக்கு கழுவுற? நேத்துதானே கழுவின?”

“தூசி. நல்லா முன்பக்கம் அடி.”

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று டாக்டர் பிறகு கோர்ட்டில் சொன்னார். வேனைக் கழுவியது உண்மைதானா என்று மகளிடமும் கேட்டார்கள். ஆமாம் என்றாள் அவள். தீர்ப்பைவிட அந்த ஒரு வார்த்தைதான் வேனக்காவின் தலையைக் குனிய வைத்தது.

உள்ளே போன முதல் நாள், பக்கத்துப் பாய்க்காரி “நீ என்னத்துல வந்த?” என்று கேட்டாள். “வேன்” என்றாள் இவள். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தம்பிகூட இப்போது சில நேரம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுகிறான்.

சிறையில் பழைய சாமான்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கரும்பலகை மாட்டினார்கள். பக்கத்துக் கல்லூரியிலிருந்து பேராசிரியை வந்து பி.ஏ. வரலாறு நடத்துவார், விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். தையல் கூடத்தின் சத்தத்திலிருந்து ஒதுங்கிக் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றுதான் வேனக்கா பெயர் கொடுத்தாள். உள்ளே நுழையும்போது வார்டர் பேனா கொடுப்பார், வெளியே வரும்போது திரும்ப வாங்கி எண்ணி வைப்பார். ஜன்னல் உயரத்தில் இருந்தது, வானம் மட்டும் தெரியும். பேராசிரியை முதல் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தபோது, எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லி, “வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். வேனக்காவுக்கு அது தன் பெயர்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதல் வருடம் எல்லாவற்றிலும் கோட்டை விட்டாள். இரண்டாம் வருடம் பிடித்துக்கொண்டாள். ராஜாக்கள் சண்டை போட்டதும், ஒருவன் கோட்டையை இன்னொருவன் பிடுங்கியதும், வரி போட்டதும், பஞ்சம் வந்ததும் அவளுக்குக் கதை மாதிரி மனதில் தங்கின. ஒரு நாள் எழுந்து கேட்டாள்: “தோத்துப் போன ராஜா ஓடிட்டான்னு போட்டிருக்கு மிஸ். சரி. அவன் பிள்ளைங்க எங்க போச்சு?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. “தெரியலையே” என்றார். “புஸ்தகத்துல அது இல்ல. ஆனா கேக்க வேண்டிய கேள்வி.” அன்று இரவு வேனக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைப் போர்வைக்குள் வைத்துப் பல தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த அறையில் இருக்கும்போது அவள் யாரையும் இடிக்காதவளாக இருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசிப் பருவத் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நன்னடத்தைக்காக அவளை முன்கூட்டியே விடுவிப்பதாக உத்தரவு வந்தது. வெளியிலிருந்து உறவுக்காரர் ஒருவர் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தம்பி வந்தால் போதும். சந்தோஷத்தில் தையல் கூடமே அவளைக் கட்டிக்கொண்டது. அவள் மட்டும் தேர்வு அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். சிறைக்குள் நடக்கும் தேர்வை உள்ளே இருப்பவர்கள்தான் எழுத முடியும். வெளியே போய்விட்டால் வேறு தேர்வு மையத்துக்கு மனு போட வேண்டும், அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் வேலை, வீடு என்று ஆயிரம் வந்துவிடும். அவளுக்கு முன்னால் அப்படிப் போனவர்களில் ஒருத்திகூடத் திரும்ப எழுதியதாகக் கேள்வியில்லை.

வாராந்திர போனில் தம்பியைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கே வந்து கையெழுத்துப் போட்டுர்றேங்க்கா. வண்டி எல்லாம் தயார்” என்றான் அவன். தம்பி பஞ்சர் கடை வைத்திருக்கிறான், எதையும் உடனே ஒட்டிவிட வேண்டும் அவனுக்கு.

“நாளைக்கு வேண்டாம்டா. கொஞ்சம் தள்ளி வா.”

“என்னது?”

“பரீட்சை இருக்கு.”

“பரீட்சையா? ஏங்க்கா, ஜெயில்லேருந்து வெளியில வர்றதுக்கு யாராவது நாள் பாப்பாங்களா? உனக்கென்ன மண்டையில அடிபட்டிருச்சா?”

“அது முடிஞ்சதும் வா. சொல்றதைக் கேளு.”

“உன் பொண்ணுகிட்ட என்ன சொல்றது? தினம் கேக்கறா.”

“பேப்பர் இன்னும் வரலைன்னு சொல்லு.”

சிறை சூப்பிரண்டுக்கு விஷயம் தெரிந்துபோனது. கையெழுத்துக்கு ஆள் வரவில்லையே என்று அவர் கூப்பிட்டு விசாரித்தபோது வேனக்கா உள்ளதைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். “எல்லாரும் போகணும்னுதான் மனு கொடுப்பாங்க. இருக்கணும்னு அடம் பிடிக்கிற முதல் ஆளு நீதாம்மா.” அவர் மனிதர் நல்லவர். கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

அவள் எல்லாத் தாளும் எழுதினாள். எழுதி முடித்த பிறகு தம்பி வந்தான். வீட்டுக்கு வந்த அன்று மகள் குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது, வயிற்றின் வலப்பக்கம் புதுத் தழும்பு ஒன்று தெரிந்தது.

“இது என்ன?”

“குடல்வால். ஆபரேஷன் பண்ணினாங்க.”

“எப்ப?”

“நீ பேப்பருக்காகக் காத்துட்டு இருந்தியே, அப்ப.”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா பரீட்சை நேரத்தில் கலங்கிவிடக் கூடாதென்று அவன் அவளிடம் மறைத்துவிட்டான். அக்கா சொன்னதற்காக மகளிடமும் மறைத்துவிட்டான். இரண்டு பக்கமும் பொய் சொல்லி நடுவில் மாட்டிக்கொண்ட முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம். வேனக்கா அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு பட்டமும் வந்துவிட்டது, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மகள் இப்போது ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடுகிறாள். பள்ளிப் படிப்போடு சரி. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும் கல்லூரிக்கு அனுப்ப மாமாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. அம்மாவுக்குப் பட்டம் வந்த அன்று அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லா இருக்கும்மா” என்றாள். பிறகு, “நானும் ஏதாவது பண்ணிட்டு உள்ள போனாத்தான் எனக்கும் கிடைக்கும் போல” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அத்தை, அதாவது தம்பி மனைவி, “வாயைக் கழுவுடி” என்று அதட்டினாள். வேனக்கா பட்டத்தை வாங்கித் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

மகளின் வேலைச் சட்டை அவளுக்கு ஒரு அளவு பெரியது. கடையில் கொடுத்தது அப்படி. இடுப்புப் பக்கம் ஒரு சேஃப்டி பின் குத்தித்தான் போடுவாள். வேனக்கா பல தடவை கேட்டுவிட்டாள், கொடு, பத்து நிமிஷத்தில் பிடித்துத் தந்துவிடுகிறேன் என்று. ஊரார் சட்டையெல்லாம் பிடித்துத் தருகிறவள். “இருக்கட்டும்மா, இதுவே போதும்” என்பாள் மகள். கோபமாகச் சொல்லமாட்டாள். அதுதான் சங்கடம்.

கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்கும்போதும் அவள் அந்தப் பின்னைத்தான் குத்திக்கொண்டிருந்தாள்.

“நான் எதுக்கு?”

“மிஸ் உன்னையும் கூப்பிட்டாங்க.”

“நீ பேசப் போறியா? மைக்ல?”

“ம்.”

“அழாம பேசுவியா?”

“பாக்கலாம்.”

“சரி, வர்றேன். ஞாயித்துக்கிழமை எனக்குச் சாயங்காலம்தான் ஷிப்ட்.”

அழைக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் கேட்கவில்லை. கோர்ட்டில் தலை குனிந்து நின்ற அம்மாவைத்தான் மகள் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கட்டுமே என்று ஆசை. பரீட்சை விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தம்பி வாயைத் திறக்கமாட்டான். சூப்பிரண்டு வேறு எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மண்டபத்தில் மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். வேனக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் தம்பி. அவன் துவைத்த சட்டை போட்டிருந்தான், நகக்கண்ணில் மட்டும் டயர் கறுப்பு போகவில்லை. பேராசிரியை வந்து மகளின் கையைப் பிடித்து, “உங்கம்மா எங்க முதல் பேட்ச்” என்றார். மகள் கூச்சத்தோடு சிரித்தாள். வேனக்காவுக்கு உள்ளே ஏதோ இளகியது.

பல்கலைக்கழகத்துக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. தாமதமாக வந்த ஒருவரை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். சீருடையில் இல்லாததால் வேனக்காவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து, கீழே பார்த்து, அவளைக் கண்டுகொண்டு கையை உயர்த்திச் சிரித்தார்.

தம்பி குனிந்தான். “அக்கா, அது சூப்பிரண்டு தானே?”

“ஆமா.”

“சொல்ல மாட்டாரு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தம்பி கொஞ்சம் யோசித்தான். “தெரியாது” என்றான்.

எழுந்து போய் அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பார்த்தாள். மேடை நிறைய ஆட்கள். அதற்குள் அவர் பெயரையே கூப்பிட்டுவிட்டார்கள்.

சூப்பிரண்டு கடகடவென்று பேசக்கூடியவர். முதலில் எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஜெயில்ல இருக்கறவங்களுக்குக் காலேஜ் படிப்பு ஒரு கேடான்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்ற பதில் ஒண்ணுதான். இதோ முன்னாடி உக்காந்திருக்காங்களே, இவங்களுக்கு ரிலீஸ் ஆர்டர் வந்துருச்சு. கதவு திறந்திருக்கு. போகலாம். இவங்க போகல. தம்பிக்குப் போன் பண்ணி, கையெழுத்துப் போட இப்ப வராதேன்னு சொல்லிட்டு, உள்ளயே இருந்து பரீட்சை எழுதிட்டுத்தான் போனாங்க. வாரக் கணக்குல. என் சர்வீஸ்ல நான் இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல. படிப்புன்னா அது. தாகம்னா அது.”

மண்டபம் அதிரும்படி கை தட்டினார்கள். பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். வேனக்கா திரும்பாமலே பக்கத்து நாற்காலியை உணர்ந்தாள். மகளும் கை தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டுகிற தட்டல். அது மெதுவானது. நின்றது. வலது கை இறங்கி வயிற்றின் பக்கவாட்டில், தழும்பு இருக்கும் இடத்தில், போய்ப் பதிந்துகொண்டது.

“பேப்பர் வரலைன்னு சொன்னீங்களே மாமா” என்றாள் மகள். சத்தமே இல்லாமல்.

தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

அடுத்ததாக வேனக்காவைக் கூப்பிட்டார்கள். மேடைப் படி ஏறினாள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது எல்லாம், நன்றி, அறையின் ஜன்னல், முதல் நாள் பெயர் கூப்பிட்டது எல்லாம், காற்றில் போய்விட்டன. மைக்கைப் பிடித்தாள். அது கீச்சென்றது. கீழே மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சூப்பிரண்டு ஐயா சொன்னது உண்மைதான்” என்று ஆரம்பித்தாள். “ஆனா அதுக்குக் கை தட்டாதீங்க.”

யாரோ சிரித்தார்கள், அடக்கம் என்று நினைத்து.

“நான் பரீட்சை எழுதிட்டு இருந்தப்ப என் பொண்ணு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தா. எனக்கு அது தெரியாது. தெரியாம இருந்தது நான் செஞ்ச ஏற்பாட்டாலதான். அவகிட்டப் பொய் சொல்லச் சொல்லி என் தம்பிகிட்ட நான்தான் சொன்னேன். அவளுக்கே இப்பத்தான், உங்க கூட உக்காந்துதான் தெரியும்.”

மேடையில் சூப்பிரண்டு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தார்.

“வெளியில போயும் அதே பரீட்சையை எழுதலாம்னு ஒரு வழி இருந்திருந்தா நான் மறுநாளே போயிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு. அப்படிச் சொன்னா கேக்கவும் நல்லா இருக்கும். ஆனா தெரியல. எனக்கு வீட்டுக்குப் போகப் பயமாவும் இருந்துச்சு. பரீட்சை ஒரு நல்ல சாக்காக் கிடைச்சுது.” மேடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். “மத்த ஜெயில்கள்லயும் கிளாஸ் ஆரம்பிங்க. கண்டிப்பா ஆரம்பிங்க. எனக்கு அது கிடைச்சது பெரிய விஷயம். ஆனா பாதியில வெளிய போறவ கூடவே படிப்பும் பரீட்சையும் வெளிய போற மாதிரி செய்யுங்க. எனக்கு அடுத்து வர்றவளுக்கு இந்தச் சாக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

இறங்கி வந்தாள். கை தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. சூப்பிரண்டின் முகம் சுண்டிப்போயிருந்தது. பாவம், அவர் நல்லது செய்ய நினைத்தார். பல்கலைக்கழகத்துக்காரர் பேராசிரியை பக்கம் சாய்ந்து, தேர்வு மையத்தை மாற்ற உண்மையிலேயே ஒரு வருடம் ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றார் பேராசிரியை. கேட்டவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். வேனக்கா அதைப் பார்த்தாள், ஆனால் மனதில் ஏறவில்லை.

முடிவில் எல்லோருக்கும் கொடுத்தது போல அவளுக்கும் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதைத் தம்பி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மகள் ஜன்னல் ஓரம், நடுவில் தம்பி, இந்தப் பக்கம் வேனக்கா. பக்கத்தில் நின்ற ஒருவர், “என்ன சார், கபடியா?” என்று கேட்டார். “இல்ல சார், வரலாறு” என்றான் தம்பி. வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

பஞ்சர் கடைக்கு மேலே ஒரே அறைதான் அம்மாவுக்கும் மகளுக்கும். தம்பி கீழேயே நின்றுவிட்டான், கடை பூட்டியிருந்தும் ஏதோ டியூபைத் தேடுகிறவன் போல. மேலே மகள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். கொடியில் அவளுடைய வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, பின்னோடு.

வேனக்கா கதவருகே நின்றாள். உட்காரலாமா என்று தெரியவில்லை.

“ஆஸ்பத்திரியில நர்சு கேட்டுட்டே இருந்தாங்க, அம்மா எங்கன்னு” என்றாள் மகள். “பேப்பர் வரலைன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியல. எந்தப் பேப்பர்னு கேட்டாங்க. எனக்கும் தெரியல.”

எனக்குத் தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்பது வேனக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள். அது உண்மைதான், ஆனால் அதைச் சொல்வது வேனைக் கழுவுகிற மாதிரி இருக்கும்.

“அங்க அவ்வளவு நல்லா இருந்துச்சா?”

வேனக்கா அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. திட்டுவாள் என்று நினைத்திருந்தாள்.

“ஜெயில் நல்லா இல்ல” என்றாள். “அந்த ரூம் நல்லா இருந்துச்சு.”

“என்னைவிடவா?”

“உன்னைப் பாக்கப் பயமா இருந்துச்சு.” குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “அங்க இருக்கறவங்களுக்கு நான் வேன் கேசு. அவ்வளவுதான் தெரியும். நீ குழாயைப் பிடிச்சுட்டு நின்னவ.”

கீழே தம்பி எதையோ தவறவிட்டு, அது உருண்டு போவது கேட்டது. மகள் எழுந்து கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள். ஞாயிறு சாயங்காலம் கடையில் கூட்டம் அதிகம், தாமதமாகப் போனால் கேள்வி கேட்பார்கள். முதுகைக் காட்டி நின்று சட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அந்த ரூம்ல என்ன இருந்துச்சு?”

“பெஞ்சு. போர்டு. மேல ஒரு ஜன்னல்.”

“அப்புறம்?”

“மிஸ் எல்லாரையும் வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. என்ன வேணா கேக்கலாம். நான் ஒரு தடவை கேட்டேன், தோத்துப் போன ராஜா ஓடிட்டான்னா அவன் பிள்ளைங்க எங்க போச்சுன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“தெரியாதுன்னாங்க. புஸ்தகத்துல அது இல்லைன்னாங்க.”

“இருக்காது” என்றாள் மகள்.

சேஃப்டி பின்னைக் கழற்றித் துணியை இழுத்துப் பிடித்து, தினமும் குத்தும் அதே இடத்தில் குத்திக்கொண்டாள். அங்கே துணி நைந்து இரண்டு ஓட்டை விழுந்திருந்தது. வேனக்காவுக்கு அது நான்கு தையல் வேலை. கேட்கவில்லை.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கி நின்றாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “வந்து மிச்சத்தைக் கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லணும்.”

“சொல்றேன்.”

கீழே மாமாவைக் கடந்து அவள் தெருவில் இறங்கி நடப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. பெரிய சட்டைக்குள் சின்ன உடம்பு. வேனக்கா கட்டில் நுனியில், மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். வேனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது.